கேதுவுக்குப் பயம், யுரேனஸுக்குச் சிரிப்பு

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றின் பெயருக்குள் ஒரு கிரகம் இருக்கிறது. மன்னார்த் தீவிலிருந்து பாலம் கடந்து, தள்ளாடி, மாந்தை வழியாகப் போனால் வரும் திருக்கேதீச்சரம்தான் அது. கேது வழிபட்ட ஈச்சரம் என்று தலபுராணம் காரணம் சொல்லும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும், அவருக்குப் பின் சுந்தரரும் பதிகம் பாடிய காலத்திலேயே இந்தப் பெயர் நிலைத்திருந்தது. கேது, ஈச்சரம் இரண்டும் வடமொழியிலிருந்து வந்த சொற்கள். அவை சேர்ந்த விதம் மட்டும் சுத்தத் தமிழ். வடமொழிப் புணர்ச்சிப்படி சேர்ந்திருந்தால் 'கேத்வீஸ்வரம்' என்று ஆகியிருக்கும். நம்மவர் வாயில் கேதுவின் கடைசி உகரம் குற்றியலுகரமாகக் கழன்று போக, அந்த இடத்தில் ஈகாரம் ஏறி, கேதீச்சரம் ஆனது. 'காது' என்ற சொல்லும் 'ஈரம்' என்ற சொல்லும் சேர்ந்தால் என்ன நடக்குமோ அதேதான். கிரகத்தின் பெயரைத் தமிழ் இலக்கணம் தன் வழிக்குக் கொண்டுவந்த இடம், கேதீச்சரம் நிற்கும் எங்கள் மாதோட்டம்.

அப்படிப்பட்ட மண்ணில் இன்று ஒரு கிரகத்தின் பெயரைக் கேட்டால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இன்னொரு கிரகத்தின் பெயரைக் கேட்டால் அவர்களின் தாய்மார் பயந்து நடுங்குகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று நாங்கள் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

சிரிப்பை முதலில் சொல்கிறேன். பின்னேரத்தில் என் வீட்டு விறாந்தையில் நாலைந்து பிள்ளைகள் படிக்க வந்து உட்காருவார்கள். சூரியக் குடும்பப் பாடம் நடந்த ஒரு நாள், லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சானிடம் பழகிய ஒரு பெடியன் கேட்டான்: "ரீச்சர், யுரேனஸை இங்கிலிசில எப்படிச் சொல்றது எண்டு சொல்லுங்கோ பாப்பம்." சொல்வதற்கு முன்பே மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை இரண்டு விதமாக உச்சரிக்கிறார்கள். நடு அசையை அழுத்தினால் 'உன் ஆசனவாய்' என்று காதில் விழும். முதல் அசையை அழுத்தினால் சிறுநீர் நினைவுக்கு வரும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் வானியல் ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த இரண்டுக்கும் நடுவில் வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் 'யுரேனஸ்' என்று நீட்டிச் சொல்லும்போது எந்தப் பகிடியும் இல்லை. எங்கள் வகுப்பறைகளில் முப்பது வருடத்துக்கு முன் யாரும் அதற்குச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது கைத்தொலைபேசி வழியாக இந்தச் சிரிப்பு பேசாலைக்கும் வங்காலைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

நான் பிள்ளைகளை அதட்டவில்லை. சிரிக்கும் பிள்ளை கவனிக்கும் பிள்ளை. சிரித்து முடிந்ததும், "சரி, இந்தப் பேரை வச்சது ஆர்?" என்று கேட்டேன். அதன் பிறகு பாடம் இருட்டும்வரை போனது.

1781 மார்ச் 13ஆம் திகதி இரவு, இங்கிலாந்தின் பாத் நகரில் தன் வீட்டுத் தோட்டத்தில் நின்றபடி, தானே செய்த தொலைநோக்கியால் வில்லியம் ஹெர்ஷல் அந்தப் பொருளைக் கண்டார். பிழைப்புக்கு அவர் செய்த தொழில் இசை. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். அந்த நேரத்தில் எங்கள் மன்னார்க் கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்தது. தான் கண்டது ஒரு வால்வெள்ளி என்றுதான் ஹெர்ஷல் அறிவித்தார். பிறகு அதன் பாதையைக் கணக்கிட்டவர்கள் அது சனிக்கும் அப்பால் சூரியனைச் சுற்றும் ஒரு கிரகம் என்று தெளிந்தார்கள். மனித வரலாறு தொடங்கிய நாளிலிருந்து யாருமே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளாத ஒன்று, ஒரு புதுக் கிரகம், ஒரு பாட்டு வாத்தியாரின் வீட்டுத் தோட்டத்தில் அகப்பட்டது. அதற்குப் பெயர் வைக்கும் பழக்கம் உலகத்தில் எவருக்கும் இருக்கவில்லை.

ஹெர்ஷல் அரசனின் பெயரை வைத்தார். மூன்றாம் ஜோர்ஜின் விண்மீன் என்று பொருள்படும் இலத்தீன் பெயர். அரசன் அவருக்கு வருடச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டான். ஆனால் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இருந்தவர்கள் இங்கிலாந்து அரசனின் பெயரை வானத்தில் ஏன் ஏற்க வேண்டும்? ஜெர்மானிய வானியலாளர் யோகான் போடே ஒரு வழி சொன்னார். வியாழனுக்கு ரோமர் வைத்த பெயர் ஜூப்பிட்டர். ஜூப்பிட்டரின் தகப்பன் சாட்டர்ன், அதாவது நம் சனி. அப்படியானால் சனிக்கு அப்பால் நிற்பவன் சனியின் தகப்பனாக இருக்கட்டும், அவன் யுரேனஸ், வானத்தின் தேவன். பேரன், மகன், தகப்பன் என்று வரிசையாகப் போகும் ஒரு குடும்பம். மற்றக் கிரகங்களுக்கெல்லாம் ரோமத் தெய்வங்களின் பெயர் இருக்க, இதற்கு மட்டும் கிரேக்கத் தெய்வத்தின் பெயர் வந்தது இப்படித்தான். பிரித்தானியக் கடற்படைக்கு ஆண்டுதோறும் அச்சான வானியல் பஞ்சாங்கம் 1850 வரை அரசன் பெயரையே பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் விட்டுவிட்டது.

இந்த இடத்தில் நான் பிள்ளைகளுக்கு மாதோட்டத்தை நினைவூட்டினேன். சோழர் இங்கே ஆண்டபோது மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயர் மாற்றினார்கள். தாழி குமரன் என்ற அதிகாரி இங்கே ஒரு சிவன் கோயில் கட்டி, அதற்கு இராசராச ஈச்சரம் என்று அரசன் பெயரையே வைத்தான். அதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. கோயிலும் இல்லை, அந்தப் பெயரை இன்று சொல்வாரும் இல்லை. பக்கத்தில் நின்ற கேதீச்சரத்தின் பெயர் நிலைத்தது. போர்த்துக்கேயர் கோயிலை இடித்த பிறகும், காடு மூடிக் கிடந்த காலத்திலும், பாட்டில் அந்தப் பெயர் இருந்தது. 1872இல் ஆறுமுக நாவலர் இந்தத் தலத்தை மீட்க வேண்டும் என்று எழுதியபோது கையில் இருந்த பெரிய ஆதாரம் தேவாரத்தில் இருந்த பெயர்தான். 1894இல் மண்ணைத் தோண்டியபோது சிவலிங்கம் வெளிப்பட்டது. அரசர்களின் பெயரை வானமும் வைத்துக்கொள்ளவில்லை, மாதோட்டமும் வைத்துக்கொள்ளவில்லை என்று நான் சொன்னபோது லண்டன் மச்சானிடம் பழகிய அந்தப் பெடியன்தான் முதலில் தலையாட்டினான்.

யுரேனஸ் என்ற கிரேக்கப் பெயரின் வேரைப் பற்றிச் சொல்லறிஞர்கள் கூறும் விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தச் சொல் மழையோடு தொடர்புடையது, வடமொழியின் 'வர்ஷம்' என்பதற்கு உறவு, மழை பொழிபவன் என்று பொருள் என்கிறார்கள். நாங்கள் 'வருஷம்' என்று எண்ணுவதும் மழையை வைத்து எண்ணிய கணக்குத்தான். மன்னாரைவிட வறண்ட இடம் இலங்கையில் அதிகம் இல்லை. நான் பிறந்த அடம்பன் பக்கத்தில் கட்டுக்கரைக் குளம் நிறைகிறதா என்று ஐப்பசியிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஒரு கிரகத்தின் பெயர் 'மழை பொழிபவன்' என்று தெரிந்தால் அவன் அதை மறக்கமாட்டான். பெயரின் ஒலியை எடுக்காமல் பொருளை எடுத்த சீனரும் யப்பானியரும் அதை 'வானரச விண்மீன்' என்று எழுதுகிறார்கள். அங்கே இந்தப் பகிடிக்கு இடமே இல்லை. இந்தியில் 'அருண்' என்பார்கள். தாய்லாந்தில் 'மிருத்யு' என்ற பெயர் இருக்கிறது. மரணம்! அதே தாய்லாந்தில் நெப்டியூனுக்குக் கேது என்றும் ஒரு பெயர் உண்டு. உடம்பே இல்லாத நம் கேதுவுக்கு அங்கே ஒரு நீலக் கிரகம் கிடைத்துவிட்டது.

பகிடிக்குள்ளும் விஞ்ஞானம் இருக்கிறது. 2018இல் ஹவாயில் உள்ள ஜெமினி தொலைநோக்கி மூலம் யுரேனஸின் மேல் மேகங்களில் ஐதரசன் சல்பைட்டு இருப்பதை உறுதிப்படுத்தினார்கள். கூழ்முட்டையின் நாற்றம் தரும் வாயு. ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தப் பெயரையும் இந்த நாற்றத்தையும் சேர்த்துச் செய்த பகிடிகளை விட்டுவிடுவோம். பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால், கேலி செய்ய வந்தவன் 'அது ஏன் அங்கே இருக்கு, வியாழனில் ஏன் இல்லை' என்று கேட்கத் தொடங்குகிறான். கிரகம் தன் பக்கவாட்டில் சாய்ந்து, ஏறத்தாழ 98 பாகை சரிவில் உருளுகிறது என்பதையும், ஒரு முறை சூரியனைச் சுற்ற 84 வருடம் எடுக்கிறது என்பதையும் அவன் அப்போதுதான் காதில் வாங்குகிறான். ஹெர்ஷல் கண்ட நாளிலிருந்து அது மூன்றாவது சுற்றை 2033இல்தான் முடிக்கும்.

சிரிப்பால் எவருக்கும் கேடு வரவில்லை. பயத்தால் வந்திருக்கிறது. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

என் அக்காவுக்குப் பேசிவந்த ஒரு சம்பந்தம் குறிப்புப் பார்த்த அன்றே நின்றுபோனது. 'ஏழில் கேது' என்றார் சாத்திரியார். மாப்பிள்ளை வீட்டார் குறிப்பை மடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு வந்தவர்களுக்கும் அதே செய்தி முன்னால் போய்ச் சேர்ந்தது. அக்கா கல்யாணம் செய்யவே இல்லை. எங்களையெல்லாம் வளர்த்து, இடம்பெயர்ந்த காலத்தில் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். நல்ல வாழ்க்கை வாழ்ந்தாள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அவள் அந்த வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கவில்லை. வானத்தில் இல்லாத ஒரு பொருள் அவளுக்காகத் தேர்ந்தெடுத்தது.

இல்லாத பொருள் என்று நான் சொல்வது பஞ்சாங்கத்தை அவமதிக்க இல்லை. பஞ்சாங்கக்காரரே கேதுவை நிழல் கிரகம் என்றுதான் சொல்வார். சூரியன் வானத்தில் நகரும் பாதையும் சந்திரன் நகரும் பாதையும் ஒரே தளத்தில் இல்லை, ஏறத்தாழ ஐந்து பாகை சாய்ந்திருக்கின்றன. சாய்ந்த இரண்டு வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும். சந்திரன் வடக்கே ஏறும் புள்ளி ராகு, தெற்கே இறங்கும் புள்ளி கேது. அமாவாசையோ பூரணையோ அந்தப் புள்ளிகளின் பக்கத்தில் விழுந்தால் கிரகணம். தொலைநோக்கி இல்லாத காலத்தில் இதைக் கண்டுபிடித்து, அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 வருடத்தில் ஒரு சுற்று வருவதையும் கணித்தவர்களின் அறிவுக்கு நான் கைகூப்புகிறேன். அவர்கள் கணிதத்தைக் கதையாக மாற்றி மனதில் பதித்தார்கள். அமிர்தம் குடித்த அசுரனின் தலை ராகு, வால் கேது. ஒன்று எப்போதும் மற்றதற்கு நேர் எதிரே நிற்கும். ஆகவே ஏழில் கேது உள்ள எல்லோருக்கும் இலக்கினத்தில் ராகு இருந்தே தீரும். ஓர் இராசியில் கேது ஏறத்தாழ ஒன்றரை வருடம் நிற்கும். அந்தக் காலத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கேது அதே இராசியில்தான். எந்த நாளை எடுத்தாலும், அன்று பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒன்றுக்குக் கேது ஏழில் வரும். அத்தனை பேரும் கல்யாணத்துக்கு ஆகாதவர்களா?

கேது என்ற சொல்லின் பொருளைப் பாருங்கள். வேத மொழியில் அது ஒளி, சுடர், கொடி. தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம். அதனால்தான் வாலோடு வரும் வெள்ளிக்குத் தூமகேது, புகைக்கொடி என்று பெயர் வந்தது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் கேதுக்களைப் பற்றிய அத்தியாயம் முழுக்க வால்வெள்ளிகளைப் பற்றியது. புறநானூற்றில் கபிலரும் அதைத் 'தூமம்' என்று குறிப்பிடுகிறார். அதே பாட்டில் சனிக்கு 'மைம்மீன்', கரிய விண்மீன் என்ற தமிழ்ப் பெயர் இருக்கிறது. பழங்காலத்தில் கேது என்றால் வால்வெள்ளி என்றால், 1781இல் ஹெர்ஷல் தன் கண்டுபிடிப்பை முதலில் அழைத்ததும் கேது என்றுதான். பிள்ளைகள் சிரிக்கும் கிரகமும் பெரியவர்கள் அஞ்சும் கிரகமும் ஒரே பெயரில் வானத்தில் அறிமுகமாகியிருக்கின்றன.

தமிழ்க் காதுக்குக் கேது என்றால் பக்கத்தில் 'கேடு' நிற்கிறது. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். ஆங்கிலக் காதில் யுரேனஸுக்கு நேர்ந்ததுதான் தமிழ்க் காதில் கேதுவுக்கும் நேர்ந்தது. அங்கே அந்த ஒலி சிரிப்பானது, இங்கே அச்சமானது. கூட்டாளிகள் இருவர் சேர்ந்து குழப்படி செய்தால் 'ராகுவும் கேதுவும் வந்திட்டினம்' என்கிறோம். அது பகிடி, இருக்கட்டும். 'கேது திசை நடக்குது, பிள்ளையைச் சோதனைக்கு விடலாமோ?' என்று ஒரு தாய் என்னிடம் கேட்டது பகிடி இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு அந்தப் பிள்ளை நன்றாகத்தான் ஆயத்தமாகியிருந்தாள். பயம் தாயிடமிருந்து அவளுக்கும் தொற்றியிருந்தது.

சனிக்கும் இதே கதி. வடமொழியில் 'சனைச்சரன்', மெதுவாக நடப்பவன். சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 29 1/2 வருடம் எடுப்பவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ஓர் இராசிக்கு இரண்டரை வருடம், மூன்று இராசிக்கு ஏழரை. ஏழரைச் சனி என்பது இந்த நடைக் கணக்கு. சனைச்சரன் என்பது நம் காதில் 'சனீஸ்வரன்' ஆகி, இல்லாத ஈஸ்வரன் அதற்குள் நுழைந்துவிட்டான். கேதீச்சரத்தில் உண்மையாகவே ஈச்சரன் இருக்கிறார், சனீஸ்வரனில் இல்லை. ஆனால் மக்கள் அஞ்சி எள்ளெண்ணெய் எரிப்பது எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் எழும்பப் பிந்திய பிள்ளையை 'சனியன்' என்று திட்டும் தாயை நான் எத்தனையோ வீட்டு வாசலில் கேட்டிருக்கிறேன். பொருளைப் பார்த்தால் 'மெதுவாக நடப்பவன்' என்றுதான் சொல்கிறாள். பிள்ளையின் மனதில் விழுவதோ வேறு. இந்தச் சொல்லைப் பிள்ளைகள்மேல் எறிவதை நாங்கள் நிறுத்த வேண்டும். தமிழில் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நிறத்தால் பெயர் வைத்தோம். சனியைக் காரி என்றோம். கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள் அவை. அச்சம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

நான் கோயிலுக்குப் போகிறவள். சிவராத்திரி இரவில் கேதீச்சரத்தின் தீர்த்தமான பாலாவித் தண்ணீரைக் குடத்தில் எடுத்து வந்து, அந்தப் பழைய மகாலிங்கத்துக்கு என் கையால் ஊற்றியிருக்கிறேன். கேதுவே வந்து வழிபட்ட தலம் என்று நம்புகிறவர்கள், அந்தக் கேதுவுக்குப் பயந்து பிள்ளைகளின் கல்யாணத்தை நிறுத்துவது எனக்கு விளங்கவே இல்லை. தலபுராணத்தில் கேது ஓர் அடியவர். அவரும் நம்மைப்போலக் குடம் தூக்கி வரிசையில் நின்றவர்தானே.

பெயர்கள் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போகும்போது மாறும் என்பதை நம் நாட்டிலேயே அண்மையில் பார்த்தோம். சர்வதேச வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டை ஒட்டி, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதைச் சுற்றும் கிரகத்தையும் பெயரிடக் கொடுத்தது. 2019 டிசம்பரில் இலங்கையின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. விண்மீனுக்கு 'சாமய', கிரகத்துக்கு 'சமகிய'. சிங்களத்தில் சமாதானம், ஒற்றுமை. இரண்டும் நல்ல சொற்கள், நான் மனதார ஏற்கிறேன். ஆனால் மன்னாரில் ஒரு தமிழ்ப் பிள்ளை 'சாமய' என்று கேட்டால் நடுச்சாமம் என்று நினைக்கிறது. 'சமகிய' எதையும் சொல்லவில்லை. பெயர் வைத்தவர்கள் தமிழிலும் அதன் பொருளைப் பரப்பியிருந்தால், ஒற்றுமை என்று பெயர் பெற்ற ஒரு கிரகம் இருப்பது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். இன்றுவரை எத்தனை தமிழ்ப் பாடசாலைகளில் இதைச் சொல்லியிருப்பார்கள்? நான் கேட்ட பிள்ளைகள் எவருக்கும் தெரியவில்லை.

சிலர் பெயரை மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். யுரேனஸுக்குத் தமிழில் புதிதாக ஒன்று, கேதுவுக்கு இன்னொன்று. எனக்கு உடன்பாடு இல்லை. மாற்றிய பெயர் இராசராசபுரத்தின் வழியில்தான் போகும். ஆங்கிலேயர் உச்சரிப்பை மாற்றிப் பார்த்தும் பகிடி தீரவில்லை. ஓர் அசையிலிருந்து மற்ற அசைக்கு மாறியது, அவ்வளவே. இருக்கிற பெயரை விளக்குவதுதான் வழி. விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் சூரியக் குடும்பப் பக்கத்தில் தூரமும் விட்டமும் இருக்கின்றன. ஒவ்வொரு கிரகத்துக்கும் பக்கத்தில் பெயர் வந்த கதையை இரண்டு வரியில் போட்டால் என்ன செலவு? தமிழ்ப் பாட ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே வகுப்பில் ஒன்றாக நின்று படிப்பிக்கக்கூடிய பாடம் இதைவிட வேறு எது இருக்கிறது?

கிரகணம் வரும்போது அதைக் கண்ணாலேயே காட்டலாம். 2010 ஜனவரி 15, போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத தை அமாவாசை. அன்று மன்னாரின் மேல் சூரியன் ஏறத்தாழ பத்து நிமிடம் வளையமாக நின்றது. அது ராகு பக்கக் கிரகணம். 2019 டிசம்பர் 26 காலையில், நத்தாருக்கு மறுநாள், யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை வரை இன்னொரு வளையம் தெரிந்தது. அது கேதுவின் கிரகணம், பஞ்சாங்கத்திலேயே அப்படித்தான் போட்டிருந்தார்கள். இரண்டு முறையும் நான் அறிந்த பல வீடுகளில் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பது மெத்தச் சரி. உரிய கண்ணாடியோடு பார்க்க வைத்திருக்கலாமே! கோயில் நடை சாத்தும் வழக்கத்தைப் பற்றி நான் பேசவில்லை, அது கோயிலின் முறை. பாடசாலைக்கு நடை சாத்தும் முறை இல்லை.

அடுத்த வாய்ப்பு 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. எகிப்திலும் அராபியாவிலும் முழுச் சூரிய கிரகணம், மாலைச் சூரியன் மேற்கே சாயும் நேரத்தில் இங்கே ஒரு பகுதி மறையும். சந்திரன் இறங்கும் புள்ளியில் நிகழ்வது, ஆகவே இதுவும் கேதுவின் கிரகணம். அன்று ஆடி அமாவாசை. காலையில் பாலாவியில் பிதிர்க்கடன் செய்ய எப்படியும் சனம் திரண்டிருக்கும். சோளகக் காற்று அடிக்கும் காலம், மழை முகில் குறைவு. மேற்கே தடையில்லாமல் கடல் தெரியும் தலைமன்னார்க் கரையைவிட நல்ல இடம் கிடைக்காது. மன்னார் வலயக் கல்விப் பணிமனை இப்போதே சூரியக் கண்ணாடிகளுக்கு ஒழுங்கு செய்யட்டும். பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைகளிலிருந்து இரண்டு மூன்று பேரை ஒரு தொலைநோக்கியோடு அழைக்கட்டும். தேவாரம் தெரிந்த ஓர் ஓதுவாரும் வரட்டும், கேதீச்சரத்தின் பெயரைப் பிரித்துச் சொல்லட்டும். ஊர்ச் சாத்திரியார்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் கையில் இருக்கும் பஞ்சாங்கத்தில் அன்றைய கேதுவின் இடம் பாகை கலையோடு அச்சாகியிருக்கும். எல்லாப் பிள்ளைகளின் முன்னால் அதைப் படித்து, அந்தப் புள்ளி சூரியனுக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று அவர்களே காட்டலாம். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கட்டும். கல்யாண வயதில் பிள்ளை உள்ள தாய்மாருக்கு முன்வரிசையில் இடம் கொடுங்கள்.